பொனெய்ரில் கரையிலிருந்தே ஸ்கூபா: முதல்முறை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

கரீபியன் கடலின் தெற்கில், வெனிசுவேலாவுக்கு எதிரே இருக்கும் நெதர்லாந்துத் தீவு பொனெய்ர். அதன் மேற்குக் கரைச் சாலை நெடுக, ஓரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு டைவ் இடத்தின் பெயர். அங்கே வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டி, நடந்தே கடலுக்குள் இறங்கினால் சில நிமிட நீச்சலில் பவளப்பாறை வந்துவிடும். படகு வேண்டாம், நேரக் கட்டுப்பாடு இல்லை, கூட்டிப்போக ஆளும் இல்லை.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். கடலின் நிலையைப் பார்ப்பது, நீரோட்டத்தைக் கணிப்பது, எப்போது திரும்புவது என்று சொல்வது எல்லாம் படகு டைவில் வழிகாட்டியின் வேலை. இங்கே அத்தனையும் உங்கள் தலையில். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கடினமில்லை, வரிசை மாறும்போதுதான் சிக்கல். ஓப்பன் வாட்டர் அட்டை (ஸ்கூபாவின் முதல்நிலைப் பயிற்சிச் சான்று) கையில் இருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். அது இல்லாதவர் முதலில் பயிற்சியை முடியுங்கள்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன்

கடைசியாக டைவ் செய்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதா? நீச்சல் குளத்தில் ஒரு மறுபயிற்சி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றக்கூடத் தயங்குகிறவர் பவளத்துக்கு மேலே அதைச் செய்யும்போது கைகால் எங்கே போகிறது என்று பார்க்க மாட்டார்.

காலுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள டைவ் பூட்ஸ் கட்டாயம் வேண்டும். பல இடங்களில் கரை என்பது மணல் இல்லை. உடைந்த பழைய பவளத்துண்டும் கூரான சுண்ணாம்புப் பாறையும்தான். வெறுங்காலில் மாட்டும் ஃபின்னை (நீந்த உதவும் கால்துடுப்பு) கொண்டுவருகிறவர்கள் நுழையவும் முடியாமல் வெளியேறவும் முடியாமல் திண்டாடுவதை அடிக்கடி பார்க்கலாம். பூட்ஸோடு சேர்த்து மாட்டும் பட்டை ஃபின்தான் சரி.

கையுறை வேண்டாம். மருத்துவக் காரணத்துக்காக அனுமதி பெற்றவர் தவிர யாரும் அணியக் கூடாது. கையுறை போட்ட கை எதையாவது பிடிக்கப் பார்க்கும், வெறுங்கை யோசிக்கும்.

சன்ஸ்கிரீன் வாங்கினால் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் இல்லாததாகப் பாருங்கள். பவளத்துக்குக் கேடு என்று பொனெய்ர் அவற்றைத் தடை செய்திருக்கிறது. முழுக்கைச் சட்டை இருந்தால் அந்தக் கவலையே இல்லை. தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 26 முதல் 29 டிகிரி வரை இருக்கும். 3 மில்லிமீட்டர் உடை பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஜோடிக்கு ஒன்று என்று சமாளிக்காதீர்கள். ஒரே நாளில் மூன்று நான்கு முறை இறங்குகிற ஊர் இது. உடலில் சேரும் நைட்ரஜன் கணக்கு ஒவ்வொருவருக்கும் வேறு. டைவ் காப்பீடும் எடுத்துவிடுங்கள். நைட்ரஜன் குமிழிகளால் வரும் டைவ் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை தீவில் இருக்கிறது, ஆனால் அந்தச் சிகிச்சைக்கு ஆகும் செலவு சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் வராது.

2. கட்டணம், விளக்கக் கூட்டம், சோதனை டைவ்

தீவைச் சுற்றிலும், பக்கத்துச் சிறு தீவான க்ளைன் பொனெய்ரைச் சுற்றிலும், கடல் ஏறும் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை எல்லாமே பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. 1979இல் அமைத்தது. ஸ்டினாபா என்ற அமைப்பு நடத்துகிறது. அதனால் எங்கே இறங்கினாலும் பூங்காவுக்குள்தான் இறங்குகிறீர்கள்.

இரண்டு கட்டணம் உண்டு, இதில் எப்போதும் குழப்பம். ஒன்று தீவு நிர்வாகத்துக்குக் கட்டும் நுழைவு வரி, 75 டாலர். இன்னொன்று பூங்காவுக்கான இயற்கைக் கட்டணம், 40 டாலர். முதலாவதைக் கட்டினால் இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்து டைவ் கடையில் வந்து நிற்கிறவர்கள் நிறைய. தொகை அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் முன் இணையத்திலேயே பார்த்து இரண்டையும் கட்டி, ரசீதைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டைவ் கடையில் விளக்கக் கூட்டம், அதற்குப் பிறகு சோதனை டைவ். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் விலக்கு இல்லை. இவை முடிந்த பிறகுதான் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு சொந்தமாகக் கிளம்ப முடியும். அதனால் வந்து இறங்கிய அன்று மாலையோ மறுநாள் காலையோ இதை முடித்துவிடும்படி திட்டமிடுங்கள்.

கூட்டத்தில் சொல்லும் விதிகள் எளியவை: எதையும் தொடாதே, எடுக்காதே, மீனுக்குத் தீனி போடாதே, நங்கூரம் போடாதே, பவளத்தின்மேல் நிற்காதே, ரசாயன ஒளிக்குச்சி கொண்டுபோகாதே. இறந்துபோன சங்கு, சிப்பிக்கும் இது பொருந்தும். காலிச் சங்குக்குள் ஒரு துறவி நண்டு குடியிருக்கலாம்.

3. எடையைச் சரிபார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பவளம் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை, இடுப்பில் தொங்கும் கூடுதல் ஈயம்தான்.

நடப்பது இது. எடை அதிகமாக இருந்தால் மூழ்காமல் இருக்க, மிதப்பைச் சரிசெய்யும் அங்கியான பிசிடியில் காற்று நிறைய ஏற்ற வேண்டும். அந்தக் காற்று மேலே வரும்போது விரியும், கீழே போகும்போது சுருங்கும். அரை மீட்டர் ஏறினாலே இன்னும் ஏறத் தோன்றும், இறங்கினால் இன்னும் இறங்கும். ஈயம் இடுப்பில், காற்று மார்பில். உடல் படுத்த நிலையில் நிற்காது, கால் தொங்கும். தொங்குகிற கால் உதைக்கும்போது கீழே இருப்பது கடல் விசிறியோ மூளைப் பவளமோ, அடி அதன்மேல்தான். மூளைப் பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

சரிபார்க்கும் முறை: சோதனை டைவின் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் இருக்கும்போது, ஆள் நிற்க முடியாத ஆழத்தில் நிமிர்ந்து மிதங்கள். பிசிடியிலிருந்து காற்று முழுவதையும் விடுங்கள். சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தும்போது நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். கல் மாதிரி இறங்கினால் ஒரு கிலோவைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

இதை முடிவில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினிய சிலிண்டர். நிறைந்த சிலிண்டரில் இருக்கும் காற்றின் எடையே 2 கிலோவுக்கு மேல். அது தீரத்தீர சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். தொடக்கத்தில் சரியாக இருந்த எடை, கடைசியில் 5 மீட்டரில் நிற்க வேண்டிய நேரத்தில் போதாமல் போகலாம். நிறைந்த சிலிண்டரோடுதான் சோதிக்க முடியும் என்றால் வரும் எடையோடு 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் கேமராவை அறையிலேயே வைத்துவிடுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. ஒரு கையில் கேமரா, கண் திரையில், இன்னொரு கை பிடிமானம் தேடும். அசையாமல் ஒரு நிமிடம் தொங்க வந்த பிறகு எடுத்துவாருங்கள்.

4. வண்டி, சிலிண்டர்

டைவுக்கு வருகிறவர்கள் வாடகைக்கு எடுப்பது பிக்கப் வண்டி. பின்னால் சிலிண்டர் வைக்கும் சட்டம் இருக்கும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பாருங்கள். வால்வின் வாயில் ரப்பர் வளையம் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பாருங்கள். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) என்றால் ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து, சிலிண்டரில் எழுதி ஒட்டுங்கள். 32 சதவீதக் கலவைக்கு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. தெற்கே உப்பளம் பக்கம் போய்விட்டு வளையம் பிய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தால் அந்த டைவ் போனதுதான். உதிரி வளையம் நாலைந்து பையில் இருக்கட்டும்.

வண்டியில் எதையும் விட்டுப்போகாதீர்கள். பர்ஸ், கைபேசி, பாஸ்போர்ட், நல்ல செருப்புகூட. ஆளில்லாத கரையோரம் நிற்கும் டைவர்களின் வண்டியில் கைவைப்பது அங்கே பழைய பிரச்சினை. கதவைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவதுதான் உள்ளூர் வழக்கம். பூட்டினால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் பாட்டில், துண்டு, பழைய டி-சர்ட் இருந்தால் போதும். சாவியில் மின்னணு பாகம் இருந்தால் நீர்புகாத சிறு பெட்டியில் போட்டு பிசிடியில் மாட்டிக்கொள்ளுங்கள்.

5. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் கிழக்குக் கரையில் அலை மோதும், மேற்கு அமைதியாக இருக்கும். மஞ்சள் கற்கள் மேற்கில் இருப்பதற்குக் காரணம் இதுதான். எப்போதாவது காற்று திசை மாறினால் மேற்கிலும் அலை எழும். அன்றைக்கு டைவ் கடையில் கேட்காமல் இறங்க வேண்டாம்.

முதல் நாளுக்கு, படகுத்துறையோ ஏணியோ உள்ள இடம் நல்லது. விடுதிகளை ஒட்டிய பாரி ரீஃப் அப்படிப்பட்டது, மீன் வகைகளுக்கும் பேர்போனது. அப்புறம் தெற்கே ஏஞ்சல் சிட்டி, ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட். இங்கே பவளத் திட்டு இரண்டு வரிசை, நடுவில் மணல். இரண்டாம் திட்டுக்குப் போகும் ஆசையில் ஆழமும் காற்றும் கணக்கை மீறுவது சுலபம். முதல் நாளில் முதல் திட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வடக்கே 'ஆயிரம் படி' என்று பெயர் வைத்த இடத்தில் உண்மையில் எழுபது படி போல்தான் இருக்கும். சிலிண்டரோடு திரும்பி ஏறும்போது அந்தப் பெயரின் நியாயம் புரியும். இன்னொன்று: அந்த இடத்தைத் தாண்டினால் சாலை ஒருவழி. தவறவிட்டால் கர்பாட்டா போய், ரின்கோன் ஊர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

எந்த இடமானாலும், கருவியை இறக்கும் முன் ஐந்து நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். அலை எங்கே உடைகிறது, எத்தனை அலைக்கு ஒருமுறை பெரியது வருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது? பிடிக்கவில்லை என்றால் அடுத்த கல்லுக்குப் போங்கள். பத்து நிமிட வண்டிப் பயணம்தான்.

6. உள்ளே இறங்குதல்

ஜோடிச் சோதனையை வண்டியருகிலேயே முடித்துவிடுங்கள். தண்ணீரில் நின்றபடி வால்வு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது தாமதமான வேலை.

வரிசை இப்படி: பிசிடியில் பாதி காற்று, மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வாயில், ஃபின் கையில். ரெகுலேட்டர் முன்கூட்டியே வாயில் இருக்க வேண்டும், ஏனென்றால் விழுவது முழங்கால் ஆழத்தில்தான். ஜோடியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அலைக்குப் பக்கவாட்டில் உடலைத் திருப்பி, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். குழிகளும் கடல் முள்ளெலிகளும் அப்போதுதான் தெரியும். இடுப்பளவு வந்ததும் தண்ணீரில் சாய்ந்து மிதந்து ஃபின்னை மாட்டுங்கள்.

நின்றபடியே மாட்ட முயல்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. ஒற்றைக் காலில் நிற்பவரை சின்ன அலையே சாய்த்துவிடும். ஊன்றப் போகும் கை நெருப்புப் பவளத்தில் பட்டால் அன்று முழுக்க எரியும்.

மாட்டியதும் ஒருமுறை கரையைத் திரும்பிப் பாருங்கள். மஞ்சள் கல் தண்ணீரிலிருந்து தெரியாது. உயரமான மரம், தூண், கட்டடம் ஏதாவது ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு, கரைக்குத் திரும்பும் திசையைக் காம்பஸில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மிதந்தபடி, திட்டு சரியும் விளிம்பு வரை நீந்தி, மணல் தெரியும் இடத்தில் இறங்குங்கள்.

7. அடியில் போகும் வழி

விளிம்பு சுமார் 10 மீட்டரில் இருக்கும். அங்கே வந்ததும் நில்லுங்கள். திரும்பி, இறங்கி வந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: மிதவையின் கான்கிரீட் கட்டை, பெரிய பஞ்சுயிரி, விழுந்துகிடக்கும் பவளத்தூண். இதைப் பார்க்காமல் போனவர்கள்தான் கடைசியில் நடுக்கடலில் தலையை நீட்டி வண்டியைத் தேடுகிறார்கள்.

அடுத்தது நீரோட்டம். கடல் விசிறிகளும் சாட்டைப் பவளங்களும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். அதற்கு எதிராகக் கிளம்புங்கள். தெம்பும் காற்றும் நிறைய இருக்கும்போதே கடினமான பாதியை முடித்துவிட்டால், திரும்பும்போது நீரோட்டமே கொண்டுவந்து சேர்க்கும்.

ஆழமான பகுதியை முதலில் பாருங்கள், ஆனால் முதல் நாளில் 18 மீட்டரோடு போதும். 200 பாரில் தொடங்கினால் 130இல் திரும்புங்கள். ஜோடியில் யாருடைய காற்று வேகமாகக் குறைகிறதோ அவருடைய அளவே கணக்கு. திரும்பும் வழியில் மெல்ல மேலேறி, 6 முதல் 9 மீட்டருக்குள் வாருங்கள். போகும்போது திட்டு வலப்பக்கம் இருந்தால் திரும்பும்போது இடப்பக்கம் இருக்கும், வழி தவற வாய்ப்பு குறைவு. பாதுகாப்பு நிறுத்தத்துக்குத் தனியாகக் கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. 5 மீட்டர் ஆழத்தில் மேல்திட்டில் சுற்றினாலே மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடிவிடும், பார்க்கவும் அங்கேதான் அதிகம்.

8. உயிர்களைப் பார்க்கும் முறை

புதியவர்கள் வேகமாக நீந்துகிறார்கள். அதனால் பெரிய மீனை மட்டும் பார்க்கிறார்கள். ஒரே பவளத் தலைக்கு முன் மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

திருகுச்சுருள் போன்ற விரல்கள் உள்ள கடல் சாமந்தியைக் கண்டால் அதன் அருகே கூர்ந்து பாருங்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் உடலில் ஊதாப் புள்ளிகளோடு, வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும் சிறிய இறால் தெரியும். பெடர்சன் இறால். மீசை ஆட்டல் 'கடை திறந்திருக்கிறது' என்ற விளம்பரம். மீன்கள் வந்து வாயைத் திறந்து, செவுளை விரித்து நிற்கும். இறால் உள்ளே போய் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். நீங்கள் நெருங்கினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார். ஒன்றரை மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

கரகரவென்று கேட்கும் சத்தம் கிளிமீன் பாறையைச் சுரண்டுவது. அது பாசியைத் தின்று பவளத்துக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. பொனெய்ரில் அதைப் பிடிக்கத் தடை இருப்பதும் அதனால்தான். உடல் நீலமடைந்த சார்ஜென்ட் மேஜர் மீன் ஒன்று உங்கள் மாஸ்க்கை நோக்கிப் பாய்ந்தால், அது முட்டையைக் காக்கும் ஆண். பக்கத்தில் ஊதா நிறப் படலமாக முட்டைகள் இருக்கும். விலகிப் போங்கள். நீங்கள் அதை வேறு பக்கம் இழுத்தால் அந்த நேரத்தில் மற்ற மீன்கள் முட்டையைச் சூறையாடும்.

கடல் குதிரையும் தவளைமீனும் இருக்கின்றன, ஆனால் தேடித் துருவப் போய் கடல் விசிறியைக் கையால் விலக்காதீர்கள். அழுங்காமை பஞ்சுயிரியைத் தின்றுகொண்டிருந்தால் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மூச்செடுக்க மேலே போகும் ஆமையைத் துரத்துவது பெரிய கொடுமை.

சிங்கமீனைக் கண்டால் வியக்கவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். மன்னார் வளைகுடா வரை பரவிய இந்தோ-பசிபிக் கடல்களுக்குரிய மீன் அது. இங்கே வந்தேறி. பொனெய்ரில் முதலில் காணப்பட்டது 2009இல். இங்கே அதைக் கட்டுப்படுத்தும் வேட்டைக்காரர் குறைவு, குஞ்சு மீன்களை விழுங்குகிறது. பிடிப்பதற்கு அனுமதியும் பயிற்சியும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். இடத்தை நினைவில் வைத்துக் கடையில் சொல்லுங்கள்.

பவளத்தில் திசு உரிந்து பளிச்சென்று வெள்ளை எலும்பு தெரிகிறதா என்றும் கவனியுங்கள். கல் பவளத் திசு இழப்பு நோய் 2014இல் ஃபுளோரிடாவில் தொடங்கி கரீபியன் முழுக்கப் பரவியது. 2023இல் பொனெய்ருக்கும் வந்தது. நோய் கண்ட இடத்துக்கு அன்றைய கடைசி டைவாகப் போங்கள். அங்கிருந்து ஈரக் கருவியோடு நல்ல இடத்துக்குப் போவது நோயை நாமே சுமந்துபோவது போல.

9. வெளியே வருதல்

50 பாரோடு கரைக்கு வாருங்கள். கடைசி இருபது மீட்டரில் காற்று தேவைப்படுவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. மாஸ்க்கும் ரெகுலேட்டரும் காய்ந்த தரையில் கால் வைக்கும் வரை இடத்திலேயே இருக்கட்டும்.

ஆழமற்ற பகுதியில் முடிந்தவரை நீந்தியே வாருங்கள். இடுப்பளவில் ஃபின்னைக் கழற்றிக் கையில் மாட்டுங்கள். அலை தள்ளும்போது நகருங்கள், இழுக்கும்போது நின்றுகொள்ளுங்கள். நிற்க முடியவில்லையா, தவழுங்கள். கரையில் யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லாரும் தவழ்ந்திருக்கிறார்கள்.

10. தனி விதி உள்ள இடங்கள்

உப்புத் துறையின் தூண்களுக்கு நடுவே நீந்துவது அருமையான அனுபவம். கப்பல் நிற்கும்போது மட்டும் இறங்கக் கூடாது. நகரத் துறையில் வழிகாட்டியும் அனுமதியும் இல்லாமல் முடியாது. ஹில்மா ஹூக்கர் கப்பல் 1984இல் மூழ்கியது. பக்கவாட்டில் படுத்திருக்கிறது, மேற்பகுதி சுமார் 18 மீட்டர், அடி 30 மீட்டர். அட்வான்ஸ்டு பயிற்சி இல்லாதவர் மேற்பகுதியோடு திரும்பலாம். உள்ளே நுழைவதை மறந்துவிடுங்கள். வடமேற்கில் டைவே தடை செய்த பகுதி உண்டு, பூங்கா வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு டைவுக்குப் பகலில் இறங்கிப் பழகிய இடத்தையே தேர்ந்தெடுங்கள். டார்பன் மீன்கள் உங்கள் டார்ச் ஒளியை வைத்தே வேட்டையாடும். தூங்கும் மீன்மேல் வெளிச்சத்தை நிறுத்தினால் அது அவற்றின் வாய்க்குள் போகும். பௌர்ணமி முடிந்த சில நாட்களில், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து டார்ச்சை அணைத்துவிட்டு மேல்திட்டில் காத்திருங்கள். ஆஸ்ட்ரகாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் நீலப் புள்ளிகளைக் கோத்ததுபோல ஒளியைவிட்டுக்கொண்டு மேலேறும். டார்ச் எரிந்தால் எதுவும் தெரியாது.

11. கடைசி நாள்

பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காலை விமானம் என்றால் முந்தின நாள் முழுவதையும் கரைக்கென்று ஒதுக்குவதே வசதி. வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்கு அன்று போய்வரலாம்.

கருவிகளை முதலில் கிருமிநாசினிக் கரைசலில் முக்கி, பிறகு நன்னீரில் அலசி, முழுக்கக் காயவிடுங்கள். பிசிடிக்குள் தங்கிய தண்ணீரையும் கவிழ்த்து வடித்துவிடுங்கள், அடுத்து நீங்கள் இறங்கப்போவது வேறொரு கடலின் பவளப்பாறையாக இருக்கலாம். காலி சிலிண்டர்களைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, பிக்கப்பின் பின்தட்டில் ஈயக்கட்டை ஏதும் உருண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். அதற்குத் தனியாகக் காசு பிடிப்பார்கள்.